அரை வில்விநாடி தள்ளி இன்னொரு விண்மீன்

வாசகர் கேள்வி – பதில்: வானியல்

சென்ற இதழில் நியூட்ரான் விண்மீன்களைப் பற்றி எழுதியபோது, எக்ஸ் கதிரில் திடீரென விழித்துச் சில வாரங்களிலோ மாதங்களிலோ மங்கிவிடும் இரட்டை விண்மீன்களுக்கு, சாதாரண ஒளியில் அவற்றின் இணை (எக்ஸ் கதிர் வந்த அதே இடத்தில் தொலைநோக்கிக்குத் தெரியும் விண்மீன்) எது என்று அடையாளம் காண்பது பெரும்பாடு என ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, இந்த விண்மீன்கள் எக்ஸ் கதிரில்தான் பெரும்பாலான ஆற்றலை வெளியிடுகின்றன என்றால், அதைப் பார்க்கும் செயற்கைக்கோளே போதுமே. சாதாரண ஒளியிலும் ஏன் தேட வேண்டும்? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

எக்ஸ் கதிர் நமக்குத் தெரிவிப்பது நியூட்ரான் விண்மீனுக்கு மிக அருகில் நடப்பதைத்தான். இவ்வகை இரட்டையில் ஒரு பக்கம், சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறையை இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் விட்டத்துக்குள் அடக்கி வைத்திருக்கும் நியூட்ரான் விண்மீன் இருக்கிறது. மறுபக்கம், பெரும்பாலும் சூரியனைவிடச் சிறிய, சாதாரணமான ஒரு துணை விண்மீன். துணையிலிருந்து இழுக்கப்படும் வாயு நேராகப் போய் விழுவதில்லை. நியூட்ரான் விண்மீனைச் சுற்றிச் சுழன்று ஒரு தட்டாகப் பரவி, உள்விளிம்பை நெருங்க நெருங்க ஒரு கோடி டிகிரி அளவுக்குச் சூடேறி எக்ஸ் கதிரை உமிழ்கிறது. ஆனால் அந்தத் துணை எப்படிப்பட்டது, இரண்டும் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றுகின்றன, நம்மிடமிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கின்றன, நியூட்ரான் விண்மீனின் நிறை என்ன என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை, பெரும்பாலான எக்ஸ் கதிர் மூலங்களில் (எக்ஸ் கதிர் பிறக்கும் இடங்களில்), துணை விண்மீனின் நிறமாலையில்தான் கிடைக்கிறது. துணை நம்மை நோக்கி வரும்போதும் விலகும்போதும் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்வதை அளந்தால் அதன் வேகம் தெரியும். வேகமும் சுற்றுக்காலமும் தெரிந்தால் நிறைக்கு ஓர் எல்லை கட்டிவிடலாம்.

சென்டாரஸ் எக்ஸ்-4 என்ற மூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1969-இல் ஒரு முறையும் 1979-இல் இன்னொரு முறையும் எக்ஸ் கதிரில் வெடித்தெழுந்தது. இரண்டாம் முறை எழுந்தபோது அதே இடத்தில் ஒரு மங்கலான விண்மீன் நூறு மடங்குக்கும் மேல் பிரகாசமாகியிருப்பதைக் கண்டு இணையை அடையாளம் கண்டார்கள். வெடிப்பு அடங்கிய பின்பு அந்த இடத்திலேயே தொடர்ந்து நோக்கியதால்தான், துணை சூரியனைவிடக் குளிர்ந்த கே வகை விண்மீன் என்பதும் சுற்றுக்காலம் 15.1 மணி நேரம் என்பதும் தெரிய வந்தன. இணையைப் பிடிக்காமல் விட்டிருந்தால், இரண்டு வெடிப்புகளின் தேதிகளுக்கு அப்பால் நமக்கு அதிகம் தெரிந்திருக்காது.

விதிவிலக்கும் உண்டு. நியூட்ரான் விண்மீன் சீராகத் துடித்தால், அந்தத் துடிப்பு முன்பின்னாக நகர்வதிலிருந்தே எக்ஸ் கதிரில் சுற்றுக்காலத்தைக் கணக்கிட்டுவிடலாம். விநாடிக்கு 401 முறை சுழலும் சாக்ஸ் ஜே1808.4-3658 என்ற மூலத்தின் சுற்றுக்காலம் ஏறத்தாழ 2 மணி நேரம் என்று 1998-இல் அப்படித்தான் கண்டார்கள். ஆனால் சிறிய துணையுடன் கூடிய நியூட்ரான் விண்மீன்களில் பெரும்பாலானவை அவ்வாறு துடிப்பதில்லை.

கேள்வி: எக்ஸ் கதிர் வந்த இடம் தெரிந்துவிட்டால், அங்கே தொலைநோக்கியைத் திருப்பி எந்த விண்மீன் இருக்கிறது என்று பார்த்தால் வேலை முடிந்ததல்லவா? இதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது? (ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், பாளையங்கோட்டை)

"இடம் தெரிந்துவிட்டால்" என்ற அந்த முதல் நிபந்தனையிலேயே சிக்கல் தொடங்குகிறது. வானம் முழுவதையும் இடைவிடாமல் கண்காணிக்கும் எக்ஸ் கதிர்க் கருவிகளால் இடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2009 முதல் இயங்கிவரும் ஜப்பானின் மேக்ஸி கருவி ஒரு புதிய மூலத்தை அறிவிக்கும்போது, ஏறக்குறைய முழுநிலவு அடைக்கும் பரப்புக்குச் சற்றே குறைவான ஒரு வட்டத்தைத்தான் காட்டும். தெருப்பெயர் மட்டும் எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடுவது போன்ற நிலை அது. அதன்பின் ஸ்விஃப்ட் செயற்கைக்கோளைத் திருப்பினால் வட்டத்தின் ஆரம் சில வில்விநாடிகளாகச் சுருங்கும்; சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியைத் திருப்பினால் ஒரு வில்விநாடிக்கும் கீழே வரும். ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. இவை எல்லாம் மூலம் மங்கிப் போவதற்குள் நடந்தாக வேண்டும்.

இத்துறையின் தொடக்கமே இதற்குச் சான்று. 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினர் ஏவிய ராக்கெட், சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதல் எக்ஸ் கதிர் மூலத்தை விருச்சிக மண்டலத்தில் கண்டது. அதுதான் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1. அது எப்போதும் ஒளிரும் மூலம், தற்காலிகமானதன்று. அப்படியிருந்தும் அதன் ஒளி இணையைக் கண்டுபிடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின. மினோரு ஓடா வகுத்த கம்பிவலை உத்தியைப் பயன்படுத்தி 1966 மார்ச்சில் இன்னொரு ராக்கெட் இடத்தைக் குறுக்கிக் கொடுத்த பிறகே, ஜப்பானின் ஒகயாமாவிலும் அமெரிக்காவின் பாலோமரிலும் இருந்த தொலைநோக்கிகள் 13-ஆம் பொலிவெண்ணை ஒட்டிய, நீலம் மிகுந்த ஒரு விண்மீனைச் சுட்டிக்காட்டின. (பொலிவெண் கூடக் கூடப் பிரகாசம் குறையும், 5 எண் வேறுபாடு என்பது 100 மடங்கு. வெறுங்கண்ணுக்கு எல்லை 6.) அங்கே அவர்களுக்குக் கைகொடுத்தது நிறம். எக்ஸ் கதிரின் அளவிலிருந்து கணக்கிட்டு, இணை இவ்வளவு பொலிவும் இத்தனை நீலமுமாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடினார்கள், அப்படியே இருந்தது.

தற்காலிக மூலங்களில் நிறத்தோடு இன்னொரு சாட்சியும் சேர்கிறது. எக்ஸ் கதிர் எழும் நாட்களில் எடுத்த படத்தையும் பல ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தை எடுத்த படத்தையும் கணினியில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், மாறாத விண்மீன்கள் எல்லாம் மறைந்து, புதிதாகப் பிரகாசமானது மட்டும் ஒரு புள்ளியாக நிற்கும். அந்தப் புள்ளி எக்ஸ் கதிர் வட்டத்துக்குள் விழ வேண்டும். பிறகு நிறமாலை எடுக்க வேண்டும். அதில் 468.6 நானோமீட்டரில் அயனியாக்கப்பட்ட ஹீலியத்தின் கோடும், 464 நானோமீட்டரை ஒட்டி நைட்ரஜன், கார்பன் கோடுகளின் கூட்டமும், 656.3 நானோமீட்டரில் இரட்டை முகடு கொண்ட ஹைட்ரஜன் கோடும் தெரிந்தால் ஐயம் பெருமளவு தீர்ந்தது. குளிர்ந்த சாதாரண விண்மீனால் ஹீலியத்தை அவ்வாறு அயனியாக்க முடியாது; இரட்டை முகடோ, தட்டின் ஒரு பாதி நம்மை நோக்கியும் மறு பாதி விலகியும் சுழல்வதன் நேரடி அடையாளம்.

இவ்வளவு செய்தும் ஏமாற வாய்ப்புண்டு என்பதை அக்விலா எக்ஸ்-1 காட்டுகிறது. இந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

திருவோணம் இருக்கும் கழுகு மண்டலத்தில் உள்ள இந்த மூலம் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறை வெடித்தெழும். 1978-இல் தார்ஸ்டென்சன், சார்ல்ஸ், பவ்யர் ஆகிய மூவரும், எக்ஸ் கதிர் வெடிப்போடு சேர்ந்து பல பொலிவெண்கள் பிரகாசமாகும் ஒரு விண்மீனை அங்கே அடையாளம் கண்டார்கள். வெடிப்பு அடங்கியபின் அதே இடத்தில் 19-ஆம் பொலிவெண்ணில் ஒரு விண்மீன் அமைதியாக இருந்தது. அடங்கிய நிலையில் தெரிவது துணை விண்மீன்தான் என்று கொள்வது இயல்பு. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதன் நிறத்தையும் நிறமாலையையும் துணையினுடையதாகவே படித்தார்கள். 1999-இல் வெளியான ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் கலைத்தன. நல்ல தெளிவுடன் எடுத்த படங்களில் அந்த ஒற்றைப் புள்ளி இரண்டாகப் பிரிந்தது. வழக்கமாகத் தெரிந்த 19.4 பொலிவெண் விண்மீன், எந்தத் தொடர்பும் இல்லாமல் பார்வைக் கோட்டில் குறுக்கே நிற்கும் வேறொரு விண்மீன்; உண்மையான இணை அதிலிருந்து 0.48 வில்விநாடி தள்ளி, 21.6 பொலிவெண்ணில், அதாவது ஏழு மடங்குக்கும் மேல் மங்கலாக, அதன் ஒளியில் மூழ்கிக் கிடந்தது.

1978-இல் செய்த அடையாளம் பிழையன்று என்பதைக் கவனியுங்கள். வெடிப்பின்போது பிரகாசமானது உண்மையான இணைதான். வெடிப்பு அடங்கிய பின்பு அங்கே தெரிந்ததும் அதே விண்மீன் என்று எடுத்துக்கொண்ட அடுத்த படியில்தான் வழி தவறியது. வளிமண்டலத்தின் கலங்கலே பெரும்பாலான இரவுகளில் ஒரு வில்விநாடி அளவுக்குப் படத்தைப் பரப்பிவிடும் என்னும்போது, அரை வில்விநாடி இடைவெளி சாதாரணமாகப் பிடிபடாது. சிலியின் பரனால் மலையிலுள்ள மிகப்பெரும் தொலைநோக்கியில், வளிமண்டலக் கலங்கலை நொடிக்கு நொடி திருத்தும் ஏற்பாட்டுடன் அகச்சிவப்பில் இரண்டையும் பிரித்து, உண்மையான துணையின் நிறமாலையை அளந்த ஆய்வு 2017-இல்தான் வெளியானது. துணை கே வகை. அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 136 கிலோமீட்டர். தொலைவு ஏறத்தாழ 20,000 ஒளியாண்டுகள், இதில் பிழை எல்லை சிறியதன்று. முதல் அடையாளத்திலிருந்து இந்த அளவீட்டுக்கு வந்து சேர 39 ஆண்டுகள். ஆகவே, இடம் பொருந்துகிறது என்பது தேடலின் தொடக்கமே என்று நான் கருதுகிறேன். அந்த விண்மீன் எக்ஸ் கதிரோடு சேர்ந்து மாற வேண்டும். அடங்கிய பின்னும் அதே இடத்தில், வில்விநாடியின் பத்திலொரு பங்கு வரை சரிபார்த்த பிறகும், அதே விண்மீன்தான் என்று உறுதிப்பட வேண்டும்.

கேள்வி: வெடிப்பின்போது நாம் காணும் ஒளி நியூட்ரான் விண்மீனிலிருந்து வருகிறதா, துணையிலிருந்து வருகிறதா? (பெயர் குறிப்பிடாத வாசகர், மதுரை)

சிறிய துணை கொண்ட இரட்டைகளில் பெரும்பகுதி தட்டிலிருந்து வருகிறது. உள்ளே பிறக்கும் எக்ஸ் கதிர் தட்டின் வெளிப்பரப்பிலும் துணையின் முகத்திலும் பட்டு, அவற்றைச் சூடாக்கி, புறஊதாவாகவும் நீல ஒளியாகவும் மறுபடி வெளிப்படுகிறது. நியூட்ரான் விண்மீனின் பரப்பு மிகச் சிறியது என்பதால் அதன் நேரடி ஒளி இதில் கணக்கில் வராத அளவே.

இது ஊகமன்று, நேரத்தை அளந்து காட்டியிருக்கிறார்கள். நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பில் சேர்ந்த வாயு அணுக்கருச் சேர்க்கையால் சில விநாடிகள் வெடித்தெரிவதுண்டு. எம்எக்ஸ்பி 1735-44 என்ற மூலத்தில் அப்படி ஒரு வெடிப்பை 1978-இல் சாஸ்-3 செயற்கைக்கோளும் தரையிலிருந்து ஒரு தொலைநோக்கியும் ஒரே நேரத்தில் பதிவுசெய்தபோது, ஒளி வெடிப்பு எக்ஸ் கதிர் வெடிப்புக்கு ஏறத்தாழ 3 விநாடி பிந்தி வந்தது. 3 விநாடியில் ஒளி கடக்கும் தூரம் 9 லட்சம் கிலோமீட்டர். அந்த இரட்டையின் அளவோடு அது பொருந்துகிறது. பல ஆயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பால், எந்தத் தொலைநோக்கியாலும் உருவம் பிரித்துக் காட்ட முடியாத ஒன்றை, ஒரு சிறிய தாமதத்தைக் கொண்டு அளந்துவிட்டார்கள் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

துணை பெரியதாக இருக்கும் இரட்டைகளில் நிலைமை வேறு. அங்கே துணையே சூரியனைவிடப் பல மடங்கு பிரகாசமான, வேகமாகச் சுழன்று தன் இடையைச் சுற்றி வாயு வளையம் வீசும் நீல விண்மீன். ஒளி பெரும்பாலும் அதனுடையதே. 1975-இல் ரிஷப மண்டலத்தில் கண்ட ஏ0535+26 மூலத்தின் இணை 9-ஆம் பொலிவெண்ணில், முன்பே அட்டவணையில் எண் பெற்றிருந்த ஒரு விண்மீன். 2017 அக்டோபரில் எழுந்த ஸ்விஃப்ட் ஜே0243.6+6124, 9.86 விநாடிக்கு ஒரு முறை துடிக்கும் நியூட்ரான் விண்மீனைக் கொண்டது. அதன் இணையும் 13-ஆம் பொலிவெண்ணை ஒட்டியது. இத்தகைய இணைகள் வெடிப்பின்போது பெரிதாகப் பிரகாசமாவதில்லை என்பதால், படத்தைக் கழித்துப் பார்க்கும் உத்தி இங்கே பயன்படாது; ஹைட்ரஜனின் ஒளிர்கோடே சாட்சி சொல்ல வேண்டும்.

கேள்வி: எக்ஸ் கதிர் எழுவதற்கு முன்பே சாதாரண ஒளியில் அறிகுறி தெரியுமா? (பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்)

தெரியும், இன்றைக்கு இத்துறையில் எனக்கு மிகவும் ஆர்வமூட்டுவது இதுதான். அடங்கிய காலத்தில் துணையிலிருந்து வரும் வாயு தட்டில் சேர்ந்துகொண்டே இருக்கும். சேரச் சேரச் சூடேறி, தட்டின் ஏதேனும் ஒரு பகுதியில் ஹைட்ரஜன் அயனியாகும் வெப்பநிலையை எட்டியதும், வாயுவின் உராய்வுத்தன்மை திடீரெனக் கூடி, உட்புறம் நோக்கிய பாய்ச்சல் பன்மடங்காகிறது. இந்த மாற்றம் ஓர் அலைபோல் தட்டில் பரவி உள்விளிம்பை எட்ட நாட்கள் ஆகும். அந்த நாட்களில் தட்டு சாதாரண ஒளியில் பிரகாசமாகிக்கொண்டிருக்கும்; எக்ஸ் கதிரோ இன்னும் எழுந்திருக்காது.

முன்பு குறிப்பிட்ட சாக்ஸ் ஜே1808.4-3658, 1996-இல் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எழுந்துவருகிறது. 2019-இல் அடுத்த வெடிப்பை எதிர்பார்த்து அதை முன்கூட்டியே கண்காணித்தார்கள். லாஸ் கும்ப்ரெஸ் நிறுவனம் பல கண்டங்களில் வைத்திருக்கும் தொலைநோக்கிகள் எடுத்த படங்களில் ஜூலை இறுதியில் இணை பிரகாசமாகத் தொடங்கியது. எக்ஸ் கதிர் வெடிப்பு ஆகஸ்ட் தொடக்கத்தில், முதல் அறிகுறிக்கு ஏறத்தாழ 12 நாட்கள் கழித்துத்தான் வந்தது. எளிமையான கணக்குகள் எதிர்பார்க்கும் தாமதத்தைவிட இது நீண்டது என்பதால், தட்டு எப்படி விழிக்கிறது என்ற கோட்பாட்டையே திருத்தி எழுத வேண்டிய தேவை எழுந்தது. இணை எது என்று 1998-இலேயே உறுதி செய்திருந்ததால்தான் இந்தக் காவல் சாத்தியமாயிற்று. சிலியில் 8.4 மீட்டர் ஆடியுடன் 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட ரூபின் ஆய்வகம் தென்வானத்தை மீண்டும் மீண்டும் படமெடுக்கத் தொடங்குவதால், அடங்கிக் கிடக்கும் இணைகளின் சிறு அசைவுகளும் இனிப் பதிவாகும்.

நம் நாட்டு முயற்சிகளையும் இங்கே சொல்ல வேண்டும். 2015 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், எக்ஸ் கதிரையும் புறஊதாவையும் ஒரே மேடையிலிருந்து ஒரே நேரத்தில் பார்க்கும் வசதி கொண்டது. உள்ளே பிறந்த எக்ஸ் கதிர் வெளித்தட்டில் எப்படி மறுவெளிப்பாடு ஆகிறது என்று அறிய இந்த ஒருங்கிசைவு மிகவும் உதவும்.

கேள்வி: எவ்வளவு தேடியும் இணை கிடைக்காத மூலங்கள் உண்டா? (வாசகி, யாழ்ப்பாணம்)

நிறைய உண்டு. தூசுதான் முதற்காரணம். பால்வெளியின் மையத்தை நோக்கிய திசையில் சாதாரண ஒளி ஏறத்தாழ 30 பொலிவெண்கள் மங்குகிறது. அதாவது ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மை வந்தடைகிறது. அங்கே எந்த ஒளித் தொலைநோக்கியும் உதவாது. 2.2 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில் மங்கல் ஏறத்தாழ 10 மடங்கு அளவிலேயே இருப்பதால் தேடலை அங்கே மாற்றுகிறார்கள். ஆனால் அந்தத் திசையில் அகச்சிவப்பில் விண்மீன்கள் அவ்வளவு நெருக்கமாகத் தெரிவதால், அக்விலா எக்ஸ்-1-இல் ஏற்பட்ட குழப்பம் ஒவ்வொரு மூலத்திலும் காத்திருக்கிறது. விண்மீன்கள் பந்துபோல் நெருக்கமாகத் திரண்டிருக்கும் கோளக் கொத்துகளிலும் நெரிசல்தான் இடையூறு. 2013-இல் எம்28 கொத்தில் எழுந்த மூலம், எக்ஸ் கதிர்த் துடிப்பு, ரேடியோத் துடிப்பு என இரு நிலைகளுக்கும் இடையே மாறிய நியூட்ரான் விண்மீனாக இருந்ததால் பெரும் கவனம் பெற்றது; அதன் இணையைப் பிரித்துக் காட்ட ஹபிள் தொலைநோக்கியின் படங்கள் தேவைப்பட்டன.

கேள்வி: என்னிடம் 8 அங்குலத் தொலைநோக்கியும் ஒரு குளிரூட்டிய கேமராவும் உள்ளன. இந்த வேலையில் எனக்கு இடமுண்டா? (வான்நோக்கு ஆர்வலர், வேலூர்)

தாராளமாக உண்டு. முதலில் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1-ஐப் பழகிக்கொள்ளுங்கள். கேட்டைக்கு வடக்கே சுமார் 11 பாகையில், 12 முதல் 13 பொலிவெண்ணில் இருக்கிறது. ஒரே இரவில் அது கூடிக் குறைவதையும் நீங்களே அளக்கலாம். அருகிலுள்ள மாறாத விண்மீன்களை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வது, ஒரே வடிகட்டியைத் தொடர்ந்து பயன்படுத்துவது, ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் உலகப் பொது நேரத்தில் குறிப்பது ஆகிய பழக்கங்கள் அதில் படிந்துவிடும்.

பிறகு அக்விலா எக்ஸ்-1-க்குச் செல்லுங்கள். அது வான நடுவரைக்கு மிக அருகில் இருப்பதால் தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும்போது கிட்டத்தட்ட உச்சிவானில் கடக்கிறது. இத்தகைய மூலங்களில் பல தென்வானில் இருக்க, இது நமக்கு வாய்த்த வசதி. (சாக்ஸ் ஜே1808.4-3658-ஐ எடுத்துக்கொண்டாலும், லடாக்கின் ஹன்லே வானாய்வகத்திலிருந்து அடிவானத்துக்கு மேல் சுமார் 20 பாகையே உயரும் அது, தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்திலிருந்து 40 பாகை உயரும்.) அடங்கிய நிலையில் அக்விலா எக்ஸ்-1-இன் இடத்தில் உங்கள் கேமராவுக்கு எதுவும் தெரியக்கூடாது; குறுக்கே நிற்கும் அந்த 19.4 பொலிவெண் விண்மீனே உங்கள் கருவியின் வழக்கமான எல்லைக்குக் கீழே இருக்கிறது. ஆகவே அந்த இடத்தில் 16 அல்லது 17-ஆம் பொலிவெண்ணில் ஒரு புள்ளி வந்தால், வெடிப்பு தொடங்கியிருக்கிறது என்று ஐயப்பட வலுவான காரணம் உண்டு. உடனே இன்னொரு படம் எடுத்து, அது நகராமல் அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சிறுகோளாக இருந்தால் நகர்ந்திருக்கும். உறுதியானதும் மாறொளிர் விண்மீன் நோக்கர்களின் அமெரிக்கச் சங்கத்துக்கு அளவீட்டை அனுப்புங்கள். இத்தகைய வெடிப்புச் செய்திகளைத் தொழில்முறை வானியலாளர் ஒருவரின் துணையுடன் அஸ்ட்ரானமர்ஸ் டெலிகிராம் என்ற இணைய அறிவிப்புச் சேவை வழியாக உலகம் முழுவதற்கும் அறிவிக்க முடியும்.

ஒன்றும் தெரியாத இரவுகளையும் பதிவுசெய்ய மறவாதீர்கள். "இன்ன தேதியில் 17-ஆம் பொலிவெண் வரை எதுவும் இல்லை" என்ற ஒரு வரி இருந்தால்தான் வெடிப்பு தொடங்கிய நாளைப் பின்னர் கணக்கிட முடியும். டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் சூரியன் அந்தத் திசையில் இருப்பதால் எவராலும் அதைப் பார்க்க இயலாது. அந்த இடைவெளியில் ஒரு வெடிப்பு தொடங்கினால் அது கவனிக்கப்படாமலே போகலாம். எனவே பிப்ரவரி இறுதியில், விடியலுக்கு முன் கிழக்கே அது மறுபடி போதிய உயரத்துக்கு வந்ததும் எடுக்கப்படும் முதல் சில படங்களுக்கு மதிப்பு மிக அதிகம். வேலூரில் அந்த மாதங்களில் வானம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.